ஏழாவது பேட்ச்

ஒரு வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகட்டுமே, யார் கையைப் பிடித்து இழுக்கப்போகிறார்கள்? அந்த ஒரு வரிக்கும் மனசு வராதவர்கள் போட்டுவிட்டுப் போன வேலைகளைத்தான் பதினொரு வருடமாக நான் அள்ளிக்கொண்டிருந்தேன்.

பகலில் ஒரு டயர் கிடங்கில் எனக்கு வேலை. எந்த டயர் எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்லும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் லினக்ஸ், கம்ப்யூட்டரையே இயக்கும் அடிப்படை மென்பொருள். நாங்கள் கட்டும் லினக்ஸுக்கு முதலாளி கிடையாது. ஊர் ஊராகச் சிதறிக்கிடக்கும் எண்ணூறு பேர், சம்பளம் இல்லாமல், அவரவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து அதைக் கட்டுகிறோம். அதிலுள்ள ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பேக்கேஜ். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பராமரிப்பாளர். வருடத்துக்கு ஒருமுறை புது வெளியீடு வரும்போது தன் பேக்கேஜ் அதில் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடாவிட்டால் அங்கங்கே ஒட்டுப்போடுவது அவர் பொறுப்பு. அந்த ஒட்டுக்குத்தான் பேட்ச் என்று பெயர்.

பராமரிப்பாளர் ஆளையே காணோம் என்றால் அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒன்றாக மூன்று மெயில் போட வேண்டும். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அவர் காணாமல் போனவர் என்று அறிவித்துவிட்டு, கேட்கிறவரிடம் பேக்கேஜைக் கொடுத்துவிடுவோம். கேட்க ஆளில்லாத அனாதைகளை அடுத்த வெளியீட்டிலிருந்து நீக்கிவிடுவோம். நான் அப்படி நாற்பதுக்கு மேல் எடுத்து உயிர்கொடுத்திருக்கிறேன். எடுத்ததும் முதல் வேலையாகப் பழைய குப்பையைக் கழிப்பேன். ஒரு பேட்சின் தலையில் அது எதற்கு என்ற காரணம் எழுதியிருக்க வேண்டும். எழுதாத பேட்ச் என் கண்ணில் பட்டால் அன்றோடு அதன் கதை முடிந்தது. அதனால் குழுவில் எனக்குப் பினாயில் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அதில் பெருமைதான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், தம்பி. தம்பிக்கு வாயாடி என்று பட்டப்பெயர். பஸ் நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்றால் பக்கத்தில் நிற்கிறவரின் குடும்பக் கதை முழுக்க வாங்கிக்கொண்டு, நம் வீட்டுக் கதையையும் கொசுறாகக் கொடுத்துவிட்டு வருவான். முப்பத்திரண்டாவது வயதில் அவனுக்கு நரம்பில் நோய் வந்தது. முதலில் கை போனது, பிறகு கால், பிறகு நாக்கு. மூன்று வருடத்தில் வலது கால் கட்டைவிரல் ஒன்றுதான் அவன் சொன்னதைக் கேட்டது. சொந்தக்காரர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு அந்தப் பட்டப்பெயரை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. விட்டால் அவனுக்குத்தான் முதலில் கோபம் வந்திருக்கும்.

அவன் பேசியது ஒரு மென்பொருளை வைத்து. அதன் நிஜப் பெயர் வாயில் நுழையாது. வீட்டில் அதைப் பலகை என்போம். திரையில் எழுத்துகள் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு மஞ்சள் பட்டை வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டே வரும். வேண்டிய வரிசைக்கு வந்ததும் கட்டைவிரலால் பொத்தானை ஒரு தட்டு தட்டினால், பட்டை அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகரும். மறுபடி ஒரு தட்டு, எழுத்து விழும். 'தண்ணி' என்று எழுத அவனுக்கு அரை நிமிடம் ஆகும். எழுதி முடித்ததும் ஒரு மெஷின் குரல் அதைப் படிக்கும். தட்டாமல் மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் சமையலறையில் மணி அடிக்கும். அந்த மணிக்கு அம்மா எதைப் போட்டுவிட்டும் ஓடிவருவாள். ஏனென்றால் தொண்டையில் சளி அடைத்துக்கொண்டால் அவனால் இருமித் துப்ப முடியாது. குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும், அதுவும் சில நிமிடங்களுக்குள்.

அந்தப் பலகை ஓடிய பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் காலையில் புகைந்து நின்றுபோனது. புதிது ஒன்று கொண்டுவந்து வைத்தேன். புதியதில் எங்கள் லினக்ஸின் பழைய வெளியீடு ஏறவே மாட்டேன் என்றது. புது வெளியீட்டின் சோதனைப் பிரதி ஏறியது, ஆனால் அதில் பலகை இல்லை. தேடிப் பார்த்தால் நீக்கப்போகும் பேக்கேஜ்களின் பட்டியலில் இருபத்தாறாவதாக நிற்கிறது. பராமரிப்பாளர் கடைசியாக அதைத் தொட்டு ஆறு வருடமாகியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆள் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

பலகை திரும்ப வரும்வரைக்கும் என்று ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதி அம்மா கையில் கொடுத்தேன். அம்மா விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவாள், வேண்டிய எழுத்தில் அவன் கட்டைவிரலை அசைப்பான். அம்மாவுக்குப் பொறுமை போதாது. முதல் எழுத்து வந்ததுமே முழு வார்த்தையையும் தானே சொல்லிவிடுவாள்.

"ஜ-வா? ஜலதோஷமா கண்ணா? ஜுரமா? தொட்டுப் பாக்கறேன், சுடல்லியே."

அவனுக்கு வேண்டியது ஜன்னலைத் திறப்பது. அதை எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆனது. முடிந்தபோது அவன் கண்ணோரம் நனைந்திருந்தது. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, "அக்கா சரி பண்ணிடுவாடா. அவளுக்கு இதுதானே தொழில்" என்றாள். மணி இல்லாததால் அம்மா அந்த அறையைவிட்டு நகரவே இல்லை. அவன் கட்டிலுக்குக் கீழேயே படுத்தாள். குளிக்கப் போவதென்றால் நான் வேலைக்குக் கிளம்புமுன் போய்வந்துவிடுவாள்.

அவன் அட்டையில் என்னிடம் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. "எப்ப?"

"ஒரு மாசம் குடு" என்றேன்.

வெளியீட்டுத் தேதிகளைப் பார்த்துக்கொள்கிறவரைக் குழுவில் கடிகாரம் என்று கூப்பிடுவோம். முகம் பார்த்ததில்லை, வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசுவோம். அவரிடம் கேட்டேன். ஐந்து வாரத்தில் உறைநிலை, அதன்பிறகு எந்தப் பேக்கேஜையும் மாற்ற அனுமதி கிடையாது, அதற்குள் முடித்தால் பலகை உள்ளே வரலாம் என்றார். விதி விதிதான், மூன்று மெயில் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னார். போட்டேன். முதலாவதில் மரியாதை இருந்தது. மூன்றாவதில் இல்லை. பதில் வரவில்லை. மூன்றாவது வாரக் கடைசியில் பலகை என் பெயருக்கு வந்தது.

வேலையை நான் அதற்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தேன். பலகையின்மேல் ஒன்பது பேட்ச் இருந்தன. எட்டின் தலையில் காரணம் ஒழுங்காக எழுதியிருந்தது: எழுத்து உடைகிறது, குரல் இரண்டுமுறை படிக்கிறது, இப்படி. எட்டையும் புது வெளியீட்டுக்குத் தகுந்தமாதிரி திருத்தி எழுதினேன். ஏழாவதின் தலையில் மட்டும், 'எடுக்க வேண்டாம்' என்று இரண்டே வார்த்தை. அறுபது வரி. மணி சம்பந்தப்பட்டது என்று புரிந்தது. திரை வழியாக வராமல், பொத்தானைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பொத்தான் பெட்டியை நேராகப் போய்ப் படிக்கிற ஏதோ ஒரு சுற்றுவழி. புது வெளியீட்டில் அந்த வழியே மாறிப்போயிருந்தது. ஒட்டவும் மாட்டேன் என்றது, ஒட்டினால் பேக்கேஜ் பில்ட் ஆகி ஓடும் நிலைக்கு வரவும் மாட்டேன் என்றது. கூடவே ஒரு சோதனை வேறு. நிஜப் பொத்தான் பெட்டி சொருகியிருந்தால்தான் அது தேறும். எல்லா பேக்கேஜையும் பில்ட் செய்து சோதிக்கும் எங்கள் பொது சர்வரில் ஏது பொத்தான் பெட்டி? இரண்டு நாள் முட்டி மோதினேன். பிறகு அந்தப் பேட்ச் இல்லாமலே பில்ட் செய்து வீட்டில் போட்டுப் பார்த்தேன். அழுத்தினேன், மணி அடித்தது. பத்துமுறை அழுத்தினேன், பத்துமுறையும் அடித்தது. அப்புறம் இது எதற்கு என்று பேட்சையும் சோதனையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டேன். மீதிச் சோதனை எல்லாம் தேறி, பட்டியல் முழுக்கப் பச்சை.

அன்று சாயங்காலம் தம்பி கால் கட்டைவிரலுக்குக் கீழே பொத்தானை வைத்தேன். மஞ்சள் பட்டை இறங்கத் தொடங்கியது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் தட்டித் தட்டி எழுதினான், நான் திரையைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் கழித்து மெஷின் குரல் படித்தது.

"அம்மா இனிமே அந்த அட்டையை எடுத்தா நான் வீட்டை விட்டு ஓடிடுவேன்."

அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான். பதினொரு வருடத்தில் செய்த அத்தனை வேலைக்கும் சேர்த்துக் கூலி அன்றைக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பழைய பராமரிப்பாளரின் மெயில் அதற்கு மறுநாள் வந்தது. நாலே வரி. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், உங்கள் மெயில்களை இன்றுதான் திறந்தேன், பேக்கேஜை நீங்கள் எடுத்ததில் நிம்மதி, ஏழாவது பேட்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள், ஏன் என்று கேட்டால் சொல்கிறேன்.

நான் அதைத் தம்பிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "பாத்தியா, ஆறு வருஷம் செத்தமாதிரி கிடந்துட்டு இப்ப வந்து எனக்கு உத்தரவு போடறாரு. ஏன்னு நான் கேக்கணுமாம். ஏன், அவர் வாயில கொழுக்கட்டையா, அவரே எழுதறதுக்கு?"

தம்பி தட்டினான். "என்னன்னுதான் கேளேன்."

"வாயாடி, நீ வாயை மூடு."

மஞ்சள் பட்டை ஏறி இறங்கியது. "மூடித்தான் இருக்கு" என்றது மெஷின் குரல்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் கேட்கவில்லை. பதிலுக்கு நான் எழுதியது இன்னும் என் மெயிலில் இருக்கிறது, அழிக்கவில்லை: 'காரணம் இருந்தால் பேட்சிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆறு வருடம் இல்லாத அக்கறை இப்போது தேவையில்லை. பேக்கேஜ் இப்போது என்னுடையது.' அவர் அதன்பிறகு எழுதவில்லை.

பன்னிரண்டு நாள் வீடு வீடாக இருந்தது. அம்மா தன் கட்டிலுக்குத் திரும்பினாள். பகலில் அவன் கண்ணயர்ந்தால் பின்கட்டுக்குப் போய்த் துணி துவைத்தாள், ஒருநாள் வெளியே போய்க் கண்ணாடிக்கு ஃப்ரேம் மாற்றிக்கொண்டுகூட வந்தாள். அவன் விட்டுப்போன பேச்சையெல்லாம் பேசித் தீர்த்தான். நான் வைத்த குழம்பைப் பற்றி, என் தலைமுடியைப் பற்றி, நான் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளாததில் உலகத்து ஆண்களுக்குக் கிடைத்திருக்கும் நன்மையைப் பற்றி. பன்னிரண்டாம் நாள் திங்கட்கிழமை. உறைநிலைக்கு முந்தைய கடைசி அப்டேட்டுகள் வந்திருந்தன. சாயங்காலம் அவன் கம்ப்யூட்டரிலும் அவற்றைப் போட்டேன். போட்டு முடித்ததும் பலகை ஓடுகிறதா என்று பார்த்தேன். மணியை அழுத்திப் பார்த்தேன். அடித்தது.

மறுநாள் மதியம் கிடங்கில் மூன்றாவது அடுக்கில் ஒரு ஸ்கேனரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து போன் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்தான் பேசினாள். "அக்கா, உடனே வாங்க" என்றாள்.

அவன் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறான். அம்மா பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் போர்வைகளைத் துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது வழக்கம். இரண்டாவது முறை பார்க்க வந்தபோது அவன் முகம் நீலம் பாரித்திருந்தது. குழாயை வைத்து உறிஞ்சியிருக்கிறாள். டாக்டர் வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்துகிறவரை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள். "மணி அடிச்சிருக்கும். எனக்குத்தான் கேக்கல." அம்மாவுக்கு இடது காது கொஞ்சம் மந்தம், பல வருடமாகவே. குழாய்ச் சத்தமும் சேர்ந்துகொண்டதில் கேட்காமல் போய்விட்டது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். வந்தவர்கள் இல்லையில்லை என்றார்கள். பிறகு அவர்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ஆமாம் என்றார்கள். வாரம் முடிவதற்குள் அம்மா தனியாகப் போய்க் காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். இனி எதற்கு என்று நான் கேட்டதற்கு, "எவ்வளவு கேக்கலன்னு தெரிஞ்சிக்கணும்" என்றாள். அதன்பிறகு வீட்டில் குழாயை முழுதாகத் திறக்கவே மாட்டாள். பாத்திரத்தை நூல் மாதிரி விழும் தண்ணீரில் கழுவுவாள், நடுநடுவே நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாள்.

ஒன்பதாம் நாள்தான் நான் அவன் அறைக்குள் போய் அந்தக் கம்ப்யூட்டரின் எதிரில் உட்கார்ந்தேன். அவன் எழுதியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன். மவுஸை அசைத்தேன். பலகை வரவில்லை. பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வந்தது. திரை பூட்டியிருந்தது.

திரை பூட்டவே கூடாது என்று இந்தப் புதுக் கம்ப்யூட்டரில் முதல் நாளே நான் அமைத்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை வந்த அப்டேட் அதைப் பழையபடி மாற்றியிருந்தது. கால்மணி நேரம் யாரும் தொடாவிட்டால் பூட்டிக்கொள்ளும். பிறகு குனிந்து, கட்டில் கால்மாட்டில் கிடந்த பொத்தானை எடுத்து அழுத்திப் பிடித்தேன். மூன்று விநாடி, ஐந்து, பத்து. மணி அடிக்கவில்லை. பூட்டைத் திறந்துவிட்டு அழுத்தினேன், அடித்தது. மறுபடி பூட்டினேன். அடிக்கவில்லை. பூட்டிய திரை பொத்தானை விழுங்கிவிடுகிறது. பழைய கம்ப்யூட்டரிலும் மதியத்தில் திரை பூட்டிக்கொள்ளத்தான் செய்யும், ஆனாலும் மணி அடித்தது. திரையைக் கேட்காமல் பொத்தானை நேராகப் போய்ப் படிக்க அங்கே ஏழாவது பேட்ச் இருந்தது. நான் பத்துமுறை சோதித்தேன் என்று சொன்னேன் இல்லையா? பத்துமுறையும் திரை எரிந்துகொண்டிருந்தது.

பொத்தான் பெட்டிக்கென்று தனியாக ஒரு பதிவுக் கோப்பு உண்டு. பலகைக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, ஒவ்வொரு அழுத்தலையும் அது குறித்து வைக்கும். செவ்வாய்க்கிழமையைத் திறந்தேன். மதியம் இரண்டு நாற்பத்தொன்றிலிருந்து இரண்டு ஐம்பது வரை இருபத்தேழு அழுத்தல்கள். ஒவ்வொன்றும் மூன்று விநாடிக்கு மேல். மூன்று விநாடி பிடிக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான், அவன் ஒன்றில்கூடத் தப்பவில்லை.

பழைய பராமரிப்பாளருக்கு எழுதினேன். ஏன் என்று கேட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அவர் மனைவிக்கும் இதே நோய். பலகையை அவருக்காகத்தான் எழுதியிருக்கிறார். ஒருநாள் திரை பூட்டிக்கொண்டது, இவர் பக்கத்து அறையில் வேலை செய்துகொண்டிருந்தார், மனைவி அழுத்திய மணி அடிக்கவே இல்லை. அதற்கு மறுவாரம் எழுதியது ஏழாவது பேட்ச். 'காரணத்தை எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. அதன்பிறகு அந்தப் பேக்கேஜைத் திறக்கவும் முடியவில்லை. உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லையே?' என்று முடித்திருந்தார். ஆகிவிட்டது என்று மட்டும் பதில் போட்டேன்.

உறைநிலை தாண்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. இன்னும் நாலு நாளில் வெளியீடு, அதோடு நான் சுத்தம் செய்த பலகை இன்னும் எத்தனை கட்டில்களின் கால்மாட்டுக்குப் போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது இரண்டு நாள் முட்டி மோதியும் ஒட்டாத அந்த அறுபது வரியை அன்று ஆறு மணி நேரத்தில் ஒட்டவைத்தேன். முடியாததில்லை, முன்பு எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். கடிகாரத்துக்குப் போன் செய்தேன்.

"உறைநிலைக்கு அப்புறம் மாத்தறதுன்னா பிழை அறிக்கை வேணும்மா" என்றார். "யாருக்கு என்ன பாதிப்புன்னு தெளிவா எழுதிடுங்க. நீங்க எழுதினா நான் பாஸ் பண்ணிடறேன்."

நான் வீட்டில் நடந்ததை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அறிக்கையில் எழுதினேன். நாற்பது பேக்கேஜுக்கு எழுதிய கை, படிவம் மனப்பாடம். எப்படி மறுபடி நிகழ்த்துவது: திரையைப் பூட்டவும், பொத்தானை மூன்று விநாடி அழுத்தவும். என்ன நடக்க வேண்டும்: மணி அடிக்க வேண்டும். என்ன நடக்கிறது: அடிப்பதில்லை. எத்தனை முறை நிகழ்ந்தது: ஒன்பது நிமிடத்தில் இருபத்தேழு முறை. காரணம்: பராமரிப்பாளர் ஏழாவது பேட்சை நீக்கியது, எச்சரித்த பிறகும். பாதிப்பு: பயன்படுத்தியவர் இறந்துவிட்டார், அவர் என் தம்பி. எண்ணூறு பேர் பார்க்கும் இடத்தில் அதைப் போட்டேன். வழக்கமாக ஒவ்வொரு அறிக்கைக்குக் கீழேயும் பத்துப் பேர் சண்டை போடுவார்கள். இதற்குக் கீழே யாரும் ஒன்றும் எழுதவில்லை. நாலு நிமிடத்தில் அனுமதி வந்தது.

ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. சமையலறையில் அம்மா நூல் தண்ணீரில் ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னிக்கு மணி அடிக்கல" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். "என்ன?"

"மணி அடிக்கவே இல்லம்மா. உன் காதுமேல தப்பில்ல. நான் ஒண்ண எடுத்துட்டேன். எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, கேக்காம எடுத்துட்டேன். அதனால அடிக்கல."

அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நீ எனக்காகச் சொல்ற" என்றாள். "நான் மனசு விட்டுடுவேன்னு பயந்துக்கிட்டு நீ உன் தலைமேல போட்டுக்கற. வேணாம்டி. டாக்டரே சொல்லிட்டாரு, இடது காது பாதிகூட கேக்கறதில்லன்னு."

"பொய் இல்லம்மா. காட்டறேன், வா."

அறைக்குக் கூட்டிப்போய்த் திரையைப் பூட்டினேன். பொத்தானைக் கையில் எடுத்தேன். அம்மா என்னோடு நிற்க மாட்டேன் என்றாள். "நீ இங்க அழுத்து. நான் அங்க போய் நின்னு கேக்கறேன்." சமையலறைக்குப் போய், மணிக்கு நேர் கீழே, வலது காதை அதன் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். கதவு வழியாக அவள் முதுகு எனக்குத் தெரிந்தது. நான் அழுத்தினேன்.

"அழுத்தறியா?" என்று அங்கிருந்து கேட்டாள்.

"அழுத்திக்கிட்டுதாம்மா இருக்கேன்."

அவள் அசையவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டாள். "இப்ப?"

"இப்பவும்மா."

விடச் சொல்லாததால் நான் விரலை எடுக்கவில்லை. விரல் நுனி வெளுத்துப்போயிற்று. அம்மா திரும்பி மெதுவாக நடந்து வந்து அவன் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒன்பது நாளாக இறுகியிருந்த அவள் தோள் ஒரு கணம் தளர்ந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. பொத்தானை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அப்ப அவன் கூப்பிட்டிருக்கான்" என்றாள்.

"ஆமாம்மா."

"நான் வருவேன்னு நெனச்சுக்கிட்டு கூப்பிட்டிருக்கான்."

அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டான்? உனக்குத் தெரியும். அதுல எல்லாம் எழுதி வெச்சிருக்கும்னு சொல்லுவியே."

அந்த எண்ணை நான் அன்றைக்குத்தான் எண்ணூறு பேருக்கு எழுதியிருந்தேன்.

"ஒரு தடவைதாம்மா" என்றேன்.